பிற்பகல் 3.40

ஒரு பையனுக்கு வேலை போனது. ஒரு பெண் ஒருவரிடம் மட்டும் சொல்லி வைத்திருந்த விஷயம் அலுவலகத்தில் பரவியது. இரண்டுக்கும் நான் காரணம். வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

சென்னையில் நடுத்தர அளவுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். சர்வர், மெயில், லேப்டாப், யார் எதைத் திறக்கலாம் என்ற உரிமைகள், எல்லாம் என் பொறுப்பு. ஊழியர்கள் பேசிக்கொள்ள ஸ்லாக் வைத்திருந்தோம். அதில் எனக்கு ஓனர் உரிமை இருந்தது. அதாவது, மற்றவர்கள் பேசியதை மொத்தமாக எடுத்துக்கொள்ளும் உரிமை.

இதை ஊழியர்களில் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. இலவசத் திட்டத்தில் பொதுச் சேனல்களைத்தான் சாதாரணமாக எக்ஸ்போர்ட் செய்ய முடியும். நாங்கள் வாங்கியிருந்த உயர்ந்த திட்டத்தில், நிறுவனம் விண்ணப்பித்து அனுமதி பெற்றுவிட்டால், தனிச் சேனல்களும் இருவருக்குள் நடக்கும் டிஎம்களும் சேர்ந்து வரும். 2018 ஏப்ரலுக்கு முன்பு இந்த வசதியை ஒரு நிறுவனம் இயக்கினால் உறுப்பினர்களுக்கு அறிவிப்பு போகும். பிறகு விதி மாறியது. யாருக்கும் சொல்லாமலே எடுக்கலாம். எங்கள் நிறுவனத்துக்காக அந்த விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். அதை ஊழியர்களுக்கு ஒரு வரி மெயிலில் தெரிவித்திருக்கலாம். யாரும் தெரிவிக்கச் சொல்லவில்லை. நானும் தெரிவிக்கவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருடன் டெலிவரி தேதி பற்றித் தகராறு வந்தது. நாங்கள் ஒப்புக்கொண்ட தேதி வேறு என்று அவர்கள் சொன்னார்கள். எங்கள் சட்டப் பிரிவிலிருந்து எனக்கு மெயில் வந்தது. ஒரு ப்ராஜெக்ட் சேனல், ஒரு காலாண்டு, அதில் நடந்த உரையாடல் வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள். மெயிலில் எந்தக் குழப்பமும் இல்லை.

எக்ஸ்போர்ட் எப்படி வரும் என்பதைச் சொல்ல வேண்டும். நான் பின்னால் சொன்ன பொய் அதில்தான் ஒளிந்திருந்தது. ஒரே ஒரு சேனலை மட்டும் தனியாக எடுக்கும் வழி எங்களிடம் இருந்த வசதியில் இல்லை. தேதி வரம்பு கொடுக்கலாம். அதற்குள் இருப்பதெல்லாம் ஒரு ஜிப் கோப்பாக வரும். ஆனால் அந்த ஜிப்பைப் பிரித்தால் ஒவ்வொரு சேனலும் தனித்தனி ஃபோல்டர். ஃபோல்டருக்குள் நாளுக்கு ஒரு ஜேசன் கோப்பு. வேண்டிய ஃபோல்டரை வெளியே எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட ஒரு நிமிடம் போதும்.

நான் அதைச் செய்யவில்லை. தேதி வரம்பும் கொடுக்கவில்லை. தொடக்கத்திலிருந்து முழு வரலாறும் என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பின்னால் வேறு எதையாவது கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கலாமே என்று நினைத்தேன். கேட்பதற்கு முன்பே கொடுப்பவன் என்று பெயர் எடுக்க எனக்குப் பிடிக்கும்.

ஜேசன் கோப்பை அப்படியே திறந்தால் மனிதர் படிக்கும் விதத்தில் இருக்காது. பேசியவரைக் காட்டும் இடத்தில் பெயர் இருக்காது. யு என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் அடையாளக் குறியீடு இருக்கும். நேரம் இருக்காது. 1970 ஜனவரி 1 முதல் கடந்துபோன விநாடிகளின் எண்ணிக்கை இருக்கும். யார், யாரிடம் சொன்னார் என்று தெரிய வேண்டுமென்றால் இன்னொரு கோப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். எப்போது என்று தெரிய விநாடிகளைக் கணக்குப் போட வேண்டும். அவசரக்காரர்களும் வம்புக்காரர்களும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருந்த ஒரே தடுப்பு அதுதான். அதை நான் உடைத்தேன்.

ராத்திரி உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். குறியீடுகளுக்குப் பதில் பெயர்கள் வந்தன. விநாடிகளுக்குப் பதில் தேதியும் மணியும் வந்தன. எல்லா உரையாடலும் ஒரே பக்கத்தில், மேலே தேடுவதற்கு ஒரு பெட்டியுடன். எந்தச் சொல்லைப் போட்டாலும் நொடியில் வந்து நின்றது. அழகாக இருந்தது. நான் செய்த வேலைகளிலேயே இதுதான் சிறந்தது என்று அன்று நினைத்தேன். கேட்டவர்கள் யாரும் இப்படி ஒரு பக்கம் கேட்கவில்லை. எங்கள் வழக்கறிஞர் கடைசிவரை அதைத் திறக்கவும் இல்லை. மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்க மூலக் கோப்பும், அது திருத்தப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும், சான்றிதழும்தான் அவருக்கு வேண்டியிருந்தன. தகராறுக்குப் பயன்பட்டது அந்த மூலக் கோப்பு. என் பக்கம் என் பெருமைக்காக மட்டுமே இருந்தது.

அந்தப் பெட்டியில் நான் முதலில் தேடியது ப்ராஜெக்டின் பெயரை அல்ல. என் பெயரை.

இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதலாம் என்று யோசித்தேன். மறைத்தால் இந்த வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை. என்னைப் பற்றி யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்தேன். சிலர் நல்லவிதமாகச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் நான் டிக்கெட்டைப் பார்க்காமலே மூடிவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். அவருடைய அடுத்த டிக்கெட்டை வேண்டுமென்றே தாமதப்படுத்தினேன். பிறகு மற்றவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்னதைப் படித்தேன். தூக்கம் வரும்வரை படித்தேன். கூச்சம் இருந்தது. நிறுத்தவில்லை.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தகவல் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவனும் நான்தான். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்ததை அந்த வகுப்பில் சொல்வேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிச் சொல்வேன். எந்தக் காரியத்துக்கோ அந்தக் காரியத்துக்குத் தேவையான அளவு தகவல்தான் எடுக்க வேண்டும் என்பதற்குத் தனி ஸ்லைடே வைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

பக்கத்தைப் பொது ஃபோல்டரில் வைத்து லிங்க்கைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினேன். அந்த லிங்க் கையில் இருக்கும் எந்த ஊழியரும் திறக்கலாம் என்ற அமைப்பு மாறாமல் கிடந்தது. நான் பார்க்கவில்லை. சட்டப் பிரிவில் இருந்தவர், எந்தெந்தச் செய்தி முக்கியம் என்று குறித்துக் கொடுக்கும்படி ப்ராஜெக்டின் டீம் லீடுக்கு அதை அனுப்பிவைத்தார். டீம் லீடும் முதலில் தேடியது தன் பெயரைத்தான். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அவர் கண்ணில் பட்டது ஒரு டிஎம். அவருடைய குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன், அதே குழுவில் சீனியரான ஒரு பெண்ணுக்கு எழுதியது. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். டீம் லீட் தனக்குத் தெரியாததையெல்லாம் தங்கள் தலையில் கட்டிவிட்டு வாடிக்கையாளரிடம் நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தான். கொஞ்சம் கடுமையான சொற்கள்தாம். ஆனால் எந்த அலுவலகத்திலும் டீக்கடையில் சொல்லப்படுவதைவிடக் கடுமையாக எதுவும் இல்லை.

அந்தச் செய்திக்கு மேலே என் பக்கம் காட்டிய நேரம் பிற்பகல் 3.40.

அந்த நாளில், அந்த நேரத்தில், வாடிக்கையாளரின் தளம் விழுந்து கிடந்தது. குழு முழுதும் அதைத் தூக்கி நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தது. அந்த நெருக்கடியில் இவன் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டிருந்தான் என்று டீம் லீட் ஹெச்ஆரிடம் புகார் கொடுத்தார். தன்னைத் திட்டியதற்காக என்று கொடுக்கவில்லை. வேலை நேரத்தில் பொறுப்பின்மை என்று கொடுத்தார். அதற்கு ஆதாரம் அந்த நேரம் ஒன்றுதான்.

அந்த நேரம் தவறு.

ஸ்லாக் எக்ஸ்போர்ட்டில் உள்ள விநாடிக் கணக்கு உலகப் பொது நேரத்தில் இருப்பது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஸ்கிரிப்டில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். நான் கூட்டவில்லை. பையன் அதை எழுதியது இரவு 9.10 மணிக்கு. தளத்தைச் சரிசெய்து முடித்து, அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு எழுதியிருக்கிறான்.

விசாரணைக்கு முந்தின இரவே இது எனக்குத் தெரிந்துவிட்டது. தற்செயலாகத்தான் தெரிந்தது. பின்னிரவில் சர்வர் அறைக்கு ஏசி மெக்கானிக்கை வரவழைத்த நாளில் நான் போட்ட செய்தியைப் பார்த்தேன். அது முந்தின நாள் இரவு என்று காட்டியது. மனம் திடுக்கிட்டது. பையனின் செய்தியை எடுத்து விநாடிகளைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9.10. இன்னொரு முறை போட்டேன். அதே 9.10.

உடனே ஹெச்ஆருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன். அனுப்பவில்லை. என் மனதில் ஓடியது இது. நேரம் தவறு என்றால் பக்கம் முழுதும் தவறு. பக்கம் தவறு என்றால், இதை ஏன் செய்தாய் என்று கேட்பார்கள். ஒரு சேனல் கேட்ட இடத்தில் எல்லாருடைய டிஎம்மும் ஏன் இருக்கிறது என்று கேட்பார்கள். அது அப்ரைசல் காலம். மேனேஜர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. மெயிலை அழித்தேன்.

காலையில் ஹெச்ஆரிலிருந்து ஃபோன் வந்தது. விசாரணை முடியும்வரை பையனின் ஸ்லாக் கணக்கை முடக்கச் சொன்னார்கள். முடக்கினேன். இதன் பொருள் எனக்குத் தெரியும். ஸ்லாக் செயலி அவரவர் ஊர் நேரத்தைக் காட்டும். அவன் தன் ஃபோனில் அந்தச் செய்தியைத் திறந்து காட்டியிருந்தால் 9.10 என்று இருந்திருக்கும். அவன் கையிலிருந்த ஒரே சாட்சியத்தையும் விசாரணைக்கு முன்பு நான் பிடுங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் ஃபோனிலும் அது இருந்தது. அவள் அன்று விடுப்பில் இருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

அறையில் ஹெச்ஆர் மேடம், டீம் லீட், அந்தப் பையன், நான். பையன் தென்மாவட்டத்திலிருந்து வந்தவன். முதல் வேலை. புகாரைப் படித்துக் காட்டியதும் அவன் தான் எழுதியதை மறுக்கவில்லை. "எழுதினது நான்தான் மேடம். தப்புதான். ஆனா அந்த நேரத்துல எழுதல. ரூமுக்குப் போய்தான் எழுதினேன்" என்றான்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "இந்த டைம் கரெக்ட்தானே சார்?"

அவர் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவே நேரம் இருந்தது. தண்ணீர் குடித்தேன். இல்லை மேடம், என் தவறு, ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும் என்று சொல்வதற்கு அந்த நேரம் தாராளமாகப் போதும். அந்தச் சொற்கள் எனக்குள் தயாராக இருந்தன. பையன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காப்பாற்றுவேன் என்று நம்பிய பார்வை அது. அவனுடைய லேப்டாப் பழுதானபோதெல்லாம் என்னிடம்தான் ஓடி வருவான்.

"சிஸ்டம்ல என்ன இருக்கோ அதுதான் மேடம்" என்றேன்.

வார்த்தைகளை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். நாளைக்கு மாட்டிக்கொண்டால் நான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க இடம் விட்டுச் சொன்ன வாக்கியம் அது. பயத்தில் உளறியிருந்தால்கூட மன்னிக்க ஏதாவது இருந்திருக்கும்.

அவனை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். செய்தான். அவனுடைய லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். "வரேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வேலை கிடைக்க அவனுக்கு வெகுகாலம் ஆனது. அறை வாடகை கொடுக்க முடியாமல் ஊருக்குத் திரும்பினான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு மேனேஜர் பதவி வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்குச் செய்ததை இன்னும் சொல்லவில்லை.

அதே உரையாடலில் சில நாள் முன்பு அவள் ஒன்று எழுதியிருந்தாள். குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறாள். ஊசி போடும் நாட்களில் வர முடியாது. அவளுடைய வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் என்பதால் அவனிடம் மட்டும் காரணத்தைச் சொல்லியிருந்தாள். பிறகு யோசித்து அந்தச் செய்தியை அழித்துவிட்டாள். அவன் திரையிலும் அவள் திரையிலும் அது இல்லை. என் பக்கத்தில் இருந்தது. 'நீக்கப்பட்டது' என்ற குறிப்புடன், நீக்கப்பட்ட செய்தி முழுதாக இருந்தது.

காரணம், திருத்தங்களையும் நீக்கங்களையும் சேர்த்துப் பாதுகாக்கும் அமைப்பை நான் இயக்கி வைத்திருந்தேன். தானாக வருவது அப்படியில்லை. ஓனர் உரிமை உள்ளவர் போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்றாவது தணிக்கைக்குப் பயன்படும் என்று, யாரும் கேட்காமலே, நானாகத் தேர்ந்தெடுத்தது.

டீம் லீட் அதையும் படித்தார். அவர் மூலமாகவோ, லிங்க் கைமாறிப் போன வேறு யார் மூலமாகவோ, விஷயம் குழுவில் பரவியது. அடுத்த ப்ராஜெக்டில் அவளுக்கு வர வேண்டிய பொறுப்பு வேறொருவருக்குப் போனது. எழுத்தில் யாரும் காரணம் சொல்லவில்லை. ஆனால் கேன்டீனில் ஒரு பெண் அவளிடம், 'நல்லபடியா நடக்கும், கவலைப்படாதே' என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அவள் அந்தப் பையனைத் தவிர யாரிடமும் சொல்லாத விஷயத்துக்கு ஆறுதல்.

அவள் நேராக என் இடத்துக்கு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஒரு சந்தேகம் கேட்க வந்தவளைப்போல நின்றாள்.

"அண்ணா, ஸ்லாக்ல டிலீட் பண்ணினா போயிடும்தானே?"

"போயிடும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகு அவள் யாரைச் சந்தேகித்திருப்பாள் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பையன். அவன் வேலையை விட்டுப் போன கோபத்தில் சொல்லிவிட்டான் என்றுதான் நினைத்திருக்கிறாள். அவனுடைய ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஒரே சொல்லால் அவளுக்குத் தெரிய வேண்டிய உண்மையை மறைத்தேன். அவனுக்கு மிச்சமிருந்த ஒரு நட்பையும் அழித்தேன். இரண்டும் அந்த நொடியில் எனக்குத் தெரியும்.

பிறகு மேலிடத்தில் ஒருவர், இதில் ஏன் எல்லாருடைய டிஎம்மும் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். "எக்ஸ்போர்ட் அப்படித்தான் சார் வரும். பிரிக்க முடியாது" என்றேன். முதல் வாக்கியம் உண்மை. அதனால் இரண்டாவதையும் நம்பினார். பக்கத்தை எடுத்துவிட்டேன். அதற்குள் எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதைப் பதிவேட்டில் பார்த்திருக்க முடியும். பார்க்கவில்லை. பார்த்தால் யாருக்காவது சொல்ல வேண்டிவரும்.

எனக்கு நிர்வாகத்தின் அனுமதி இருந்தது. கருவி அனுமதித்தது. ஒப்பந்தத்தில் ஊழியர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இந்த மூன்றையும் வெகுநாள் மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் விட்டதற்கு இவற்றில் எதிலும் பதில் இல்லை. அந்த அறையில் நான் உண்மையைச் சொல்லாததற்கும் இல்லை.

அந்த வேலையை விட்ட பிறகுதான் எழுதினேன். இருக்கும்போது எழுதத் துணிவில்லை. நிறுவனத்தின் ஹெச்ஆருக்கு, மூலக் கோப்பில் பார்க்க வேண்டிய இடம், சரியான கணக்கு, என் பெயர், அன்று அறையில் நான் சொன்னது, எனக்குத் தெரிந்திருந்தது, எல்லாம் எழுதி, அவனுடைய பணிக்குறிப்பைத் திருத்தும்படி கேட்டேன். விவகாரம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதன் நகலைப் பையனுக்கு அனுப்பினேன். எங்கு வேண்டுமானாலும் காட்டிக்கொள், யார் கேட்டாலும் நான் வந்து சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். அவன் ஃபோன் செய்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "நான் யார்கிட்டயும் சொல்லலன்னு அக்காகிட்ட சொன்னீங்களா அண்ணா?" என்று மட்டும் கேட்டான்.

சொல்லவில்லை. அவளுக்கு எழுதுவதென்றால், அவள் அழித்ததை நான் படித்தேன் என்பதை எழுத வேண்டும். அழிக்க விடாமல் வைத்திருந்ததும் நான்தான் என்பதை எழுத வேண்டும். பலமுறை தொடங்கி நிறுத்திவிட்டேன். அவனிடம் இந்த வாரம் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாரம் இன்னும் முடியவில்லை. அவளுடைய புது எண்ணை அவனே அனுப்பியிருக்கிறான்.